கிரைண்டர் கல்லில் அச்சிட்டிருப்பதைப் படித்த பிறகே சுவிட்சைத் தொடவும்

அரிவாள் மழுங்கினால் உலைக்களத்துக்கோ, தெருவோடு வரும் சாணைக்காரரிடமோ கொண்டுபோன காலம் மலையேறிவிட்டது. இன்று பல ஊர்களில் பம்பு செட் அறையிலேயே ஓர் ஆங்கிள் கிரைண்டர் தொங்குகிறது. பட்டறைகளில் ஏ.ஜி. மெஷின் என்றும் கட்டிங் மெஷின் என்றும் இதைச் சொல்வார்கள். மாவரைக்கும் கிரைண்டருக்கும் இதற்கும் பெயரில் மட்டுமே உறவு. இரண்டு கிலோ எடைகூட இல்லாத இந்தச் சிறு கருவி மண்வெட்டியைத் தீட்டும். பந்தலுக்கு ஆங்கிள் அறுக்கும். துருப்பிடித்துச் சுழல மறுக்கும் போல்ட்டை வெட்டி எடுக்கும். கொல்லர் பட்டறையில் அரை நாள் காத்திருக்க வேண்டிய வேலை கால் மணியில் முடிந்துவிடுகிறது. விவசாயிகள் இதை விரும்பி வாங்குவதில் வியப்பில்லை.

ஆனால் வாங்கும்போது கூடவே வரும் விளக்கப் புத்தகத்தைப் பிரித்துப் பார்ப்பவர்கள் குறைவு. அது போகட்டும். புத்தகத்தைப் படிக்காவிட்டாலும் கருவியில் மாட்டும் கல்லின் மேல் அச்சிட்டிருக்கும் நாலு வரியையாவது படிக்க வேண்டும். கிரைண்டரால் நேரும் பெரிய விபத்துகளுக்கு அந்த நாலு வரியை அலட்சியம் செய்வதும், கல்லை மூடியிருக்கும் தகட்டைக் கழற்றிவிடுவதுமே முக்கியக் காரணங்கள்.

இந்தக் கருவியைப் பற்றிப் பேச வடசென்னையின் சடையங்குப்பம் பொருத்தமான இடம். கொசஸ்தலை ஆற்றுக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் அருகே, ஒருபுறம் மணலி ஆலைகளும் மறுபுறம் எண்ணூரும் திருவொற்றியூரும் சூழ அமைந்த ஊர் இது. இரும்பை அறுக்கும் தீப்பொறி இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. நாடெங்கும் விற்பனையாகும் சாணைக் கற்களில் ஒரு பகுதி பக்கத்துத் திருவொற்றியூரில்தான் உருவாகிறது. கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் 1954-ல் தொடங்கப்பட்டது. அதன் சாணைக்கல் தொழிற்சாலை திருவொற்றியூரில் இருக்கிறது. அதே 1954-ல்தான் ஜெர்மனியில் ஸ்டைன்ஹைம் என்ற ஊரில் இயங்கிய ஒரு கம்பெனி ஆங்கிள் கிரைண்டரை உருவாக்கி வெளியிட்டது. அந்தக் கம்பெனியின் 'ஃபிளெக்ஸ்' என்ற பெயரே ஜெர்மானியர்களுக்கு இன்றும் இந்தக் கருவியின் பெயராக வழங்குகிறது.

கல் என்று சொல்கிறோமே தவிர, அது வெட்டியெடுத்த கல் அல்ல. அலுமினியம் ஆக்சைடு போன்ற மிகக் கடினமான துகள்களைப் பிசினில் குழைத்து, நடுவே கண்ணாடி நார் வலையை வைத்து அழுத்திச் சுட்டெடுத்த வட்டு. வெட்டுவது துகள், துகள்களைப் பிடித்து வைத்திருப்பது பிசின், கல் துண்டு துண்டாகச் சிதறாமல் காப்பது வலை. இந்த மூன்றில் ஒன்று கெட்டாலும் கல் நம்பத்தக்கதல்ல. கீழே சொல்லப்படும் எச்சரிக்கைகளில் பலவற்றுக்கு இதுவே காரணம் என்பதால் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

கல்லில் உள்ள எண்கள்

பொதுவாக விவசாயிகள் வாங்குவது 4 அங்குலக் கருவி. 100 மி.மீ. கல் மாட்டுவது. அதன் அச்சு நிமிஷத்துக்குச் சுமார் 11,000 சுற்றுச் சுற்றும். ஒரு வினாடிக்கு 180 சுற்றுக்கு மேல். அப்போது கல்லின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் ஓடுகிறது. தமிழ்நாட்டில் எந்த ரயிலும் இந்த வேகத்தில் ஓடுவதில்லை. கல்லிலிருந்து பெயரும் ஒரு சில்லு இதே வேகத்தில்தான் புறப்பட்டு வரும்.

கல்லின் முகத்தில் அதன் குறுக்களவு, தடிமன், நடுத்துளையின் அளவு, எத்தனை சுற்றுவரை தாங்கும் என்ற எண் ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். 100 மி.மீ. கல்லில் பெரும்பாலும் 15,200 அல்லது அதையொட்டிய எண் இருக்கும். 7 அங்குலக் கல்லில் சுமார் 8,500 என்றிருக்கும். சிறிய கல்லுக்குப் பெரிய எண். பெரிய கல்லுக்குச் சிறிய எண். எந்தக் கல்லாக இருந்தாலும் அதன் விளிம்பு வினாடிக்கு 80 மீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்ற கணக்கில் வந்த எண்கள் இவை. கருவியின் உடம்பில் ஒட்டியுள்ள தகட்டிலும் சுற்று எண் இருக்கும். கல்லில் உள்ள எண், கருவியில் உள்ள எண்ணுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் அந்தக் கல் அந்தக் கருவிக்கு உதவாது.

"பெரிய கல் போட்டால் சீக்கிரம் அறுக்கும்" என்று 4 அங்குலக் கருவியில் 7 அங்குலக் கல்லை மாட்டுவோர் உண்டு. காப்புத் தகட்டைக் கழற்றினால்தான் அது உள்ளே நுழையும். 11,000 சுற்றில் அந்தக் கல்லின் விளிம்பு வினாடிக்கு 100 மீட்டருக்கு மேல் ஓடும். தாங்குவதோ 80. மேலும் 4 அங்குலக் கல்லின் துளை பொதுவாக 16 மி.மீ.; பெரிய கல்லின் துளை 22 மி.மீ.க்குச் சற்று அதிகம். இடைவெளியை நிரப்ப வாஷரையோ கம்பியையோ சுற்றி வைத்தால் கல் மையத்தில் நிற்காது. மையம் தவறிய கல் அதிரும். அதிரும் கல் உடையும்.

இன்னொரு எண்ணும் உண்டு. நடுத்துளையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் மாதமும் ஆண்டும் பொறித்திருப்பார்கள். அந்தத் தேதிக்குப் பிறகு அந்தக் கல்லை உபயோகிக்கக்கூடாது. பிசின் காலப்போக்கில் வலுவிழக்கும் என்பதால், தயாரித்து மூன்றாண்டு என்று கெடு வைப்பது வழக்கம். பூச்சிமருந்துக் குப்பியில் காலாவதித் தேதி பார்க்கும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. கல்லுக்கும் அந்தப் பழக்கம் வர வேண்டும்.

கல்லின் வேகத்தை எழுதி வைப்பது புதிய யோசனையல்ல. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 30-ஆம் பிரிவு இதற்கென்றே இருந்தது. சாணை பிடிக்கும் ஒவ்வோர் எந்திரத்தின் அருகிலும், கல் எந்த வேகம்வரை பத்திரமாகச் சுழலலாம் என்று அறிவிப்பு வைத்திருக்க வேண்டும் என அது விதித்தது. பம்பு செட் அறைக்கு இன்ஸ்பெக்டர் வரப்போவதில்லை. கல்லின் முகத்தில் உள்ள அச்சுதான் அங்கே அறிவிப்புப் பலகை.

மூடியைக் கழற்றாதீர்கள்

கல்லைப் பாதியளவு மூடி நிற்கும் தகட்டைக் 'கார்டு' என்பார்கள். கருவி வாங்கிய மறுவாரமே இது கழன்று மூலையில் கிடப்பதைப் பார்க்கலாம். இடைஞ்சலாக இருக்கிறது, மூலை முடுக்குகளில் நுழைய முடியவில்லை என்று காரணம் சொல்வார்கள். காரணம் உண்மைதான். ஆனால் கல் உடைந்தால் அதன் துண்டுகளுக்கும் வேலை செய்பவரின் வயிறு, கழுத்து, முகத்துக்கும் நடுவே நிற்பது இந்த ஒரு தகடு மட்டுமே. தகட்டின் மூடிய பக்கம் எப்போதும் வேலை செய்பவரைப் பார்த்து இருக்கும்படி திருப்பி இறுக்கிக்கொள்ள வேண்டும். அது நுழையாத இடத்தில் ஹாக்ஸா பிளேடாலோ அரத்தாலோ வேலை செய்யலாம். நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

பக்கவாட்டுக் கைப்பிடியும் அப்படியே. ஒரு கையால் கருவியையும் மறு கையால் இரும்புத் துண்டையும் பிடித்துக்கொண்டு அறுப்பது பட்டறைகளில் கைதேர்ந்தவர்களே செய்யும் தவறு. கருவிக்கு இரண்டு கை. அறுக்கும் பொருளுக்கு வைஸ் அல்லது கிளாம்ப். இரண்டும் இல்லாவிட்டால் மரக்கட்டையில் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம். காலால் மிதித்துக்கொண்டு அறுப்பது கூடவே கூடாது.

மரம் அறுக்கும் பல் வட்டைக் கிரைண்டரில் மாட்டும் வழக்கத்தையும் இங்கே கண்டிக்க வேண்டியிருக்கிறது. விறகு துண்டாக்கவும் வேலிக்குக் கொம்பு வெட்டவும் சிலர் இப்படிச் செய்கிறார்கள். மரத்தில் ஒரு கணுவிலோ ஆணியிலோ பல் மாட்டினால் கருவி கையை உதறிக்கொண்டு திரும்பும். தொடை, கழுத்து, முன்கை என்று எங்கு பட்டாலும் ஆழமான வெட்டு. கருவியுடன் வரும் விளக்கப் புத்தகங்கள் பல் வட்டை மாட்டக்கூடாது என்றே சொல்கின்றன. விறகுக்கு ரம்பமும் கோடரியும் இருக்கின்றன.

குழாய் அறுக்கும்போது

கருவி பின்னோக்கி உதைப்பதற்குப் பெரும்பாலும் வேலை செய்பவரே வழி செய்து கொடுக்கிறார். ஒரு விவசாயி நீர் இறைக்கும் ஜி.ஐ. குழாயை இரண்டு துண்டாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். குழாயின் இரு முனைகளையும் இரண்டு செங்கல் மேல் வைத்து நடுவில் அறுக்கிறார். முக்கால் பங்கு அறுபட்டதும் குழாய் தன் எடையால் நடுவில் தொய்கிறது. அறுத்த வாய் மேல்புறம் நெருங்கிக் கல்லைக் கவ்விப் பிடிக்கிறது. கல் நின்றுவிடுகிறது, ஆனால் மோட்டார் நிற்கவில்லை. அந்த விசை முழுவதும் கருவியைத் தூக்கி அவர்மேல் எறிகிறது. அதே சமயம் மெல்லிய கல் வளைந்து முறிகிறது.

இதையே வேறு விதமாகச் செய்யலாம். குழாயின் நீண்ட பகுதியை உறுதியாகப் பிணைத்து, வெட்டி எடுக்க வேண்டிய துண்டு வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும்படி வைக்க வேண்டும். பிணைப்புக்கு அருகிலேயே அறுக்க வேண்டும். அறுபட அறுபட அந்தத் துண்டு கீழ்நோக்கிச் சாயும், வாய் விரியும், கல் சிக்காது. துண்டு விழும் இடத்தில் கால் இருக்கக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அறுக்கும் கல் 1 முதல் 3 மி.மீ. தடிமன்தான். அது நேராக உள்ளே இறங்க மட்டுமே ஏற்றது. அறுத்து முடித்ததும் அதே கல்லைப் படுக்கவைத்து முனையில் உள்ள பிசிறைத் தேய்ப்பவர்கள் பலர். பக்கவாட்டு அழுத்தத்தை மெல்லிய கல் தாங்காது. பிசிறு எடுக்க 6 மி.மீ. அளவு தடித்த தேய்ப்புக் கல் தனியாக இருக்கிறது. அதை 15 முதல் 30 டிகிரி சாய்த்துப் பிடித்துத் தேய்க்கலாம். கல் மாற்றும் ஒவ்வொரு தடவையும் முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. விசேஷ ஸ்பேனரால் நட்டை இறுக்கியபின் கல்லைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி உரசுகிறதா என்று பார்க்கவும். பிறகு கல்லின் நேர்கோட்டில் நிற்காமல் விலகி நின்று ஒரு நிமிஷம் வெறுமனே ஓடவிட வேண்டும். விரிசல் கண்ட கல் பெரும்பாலும் இந்த ஒரு நிமிஷத்திலேயே தன் குணத்தைக் காட்டிவிடும்.

அரிவாள் தீட்டுதல்

விவசாயிகளுக்கு இந்தக் கருவியால் ஆகும் முக்கிய வேலை இதுவே என்பதால் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

மண்வெட்டி, களைக்கொத்து, அரிவாள், தீவனம் நறுக்கும் எந்திரத்தின் கத்தி ஆகியவற்றைத் தீட்டத் தேய்ப்புக் கல்லைவிட மணல்காகித மடிப்புகள் அடுக்கிய 'பிளாப்' வட்டு நல்லது. இரும்பை அதிகம் தின்னாது, சூடும் குறைவு. கத்தியை வைஸில் பிணைத்து, கல் சுழலும் திசை கூர்விளிம்பைவிட்டு வெளியேறுவதாக இருக்கும்படி கருவியைப் பிடிக்க வேண்டும். கல் கூர்விளிம்புக்கு எதிராக ஓடி வந்தால் விளிம்பு அதில் குத்திக்கொண்டு கருவி உதறும்.

கொல்லர் அரிவாளைக் காய்ச்சித் தோய்த்துப் பதம் வைத்திருக்கிறார். கூர் நிற்பது அந்தப் பதத்தால்தான். கல்லை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் விளிம்பு முதலில் வைக்கோல் நிறம் காட்டும். அப்போதும் விடாமல் அழுத்தினால் நீலம் பாயும். நீலம் பாய்ந்தது என்றால் அந்த இடம் 300 டிகிரி சென்டிகிரேடு அளவுக்குச் சூடேறிவிட்டது என்று பொருள். அங்கே பதம் போய்விட்டது. தீட்டிய அன்று நன்றாக வெட்டும், மறுநாளே மழுங்கும். "இந்தக் காலத்து இரும்பே சரியில்லை" என்று சொல்பவர்கள் தங்கள் அரிவாள் வாயில் நீலக் கறை இருக்கிறதா என்று ஒருமுறை பார்ப்பது நல்லது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு, நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை கருவியை நிறுத்திவிட்டுக் கத்தியை நனைக்க வேண்டும். விரல் வைத்தால் சுடக்கூடாது, அதுவே அளவு. வாளி கருவியின் ஒயருக்கு எட்ட இருக்கட்டும்.

பழைய சாய்வு எந்தக் கோணத்தில் இருந்ததோ அதையே பின்பற்ற வேண்டும். தீவனக் கத்தியில் சாய்வு ஒருபுறம்தான் இருக்கும், மறுபுறம் தட்டை. தட்டைப் பக்கத்தைத் தேய்த்தால் கத்திக்கும் வாய்த் தகட்டுக்கும் இடையே சந்து விழும்; பிறகு தட்டை நறுக்காமல் மென்று துப்பும். கருக்கரிவாளைக் கிரைண்டரிடம் கொண்டுபோகவே வேண்டாம். அதன் பற்களுக்கு அரமே சரி.

நிறையத் தீட்டும் வேலை உள்ளவர்களுக்கு மேஜையில் பொருத்தும் சாணை எந்திரமே ஏற்றது. அதில் கருவி நிற்கிறது, கத்தியைத்தான் நாம் நகர்த்துகிறோம். அதன் தாங்கிக்கும் கல்லுக்கும் உள்ள இடைவெளி 3 மி.மீ.க்கு மேற்படக்கூடாது. அந்தத் தடித்த கல்லை மாட்டுமுன் மரக்கைப்பிடியால் லேசாகத் தட்டிப் பார்க்கலாம். நல்ல கல் மணி போல் ஒலிக்கும். விரிசல் விட்டது 'தொப்' என்னும். பிசினால் ஆன மெல்லிய கிரைண்டர் கல்லுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்: விளிம்பில் சில்லுப் பெயர்ந்திருக்கிறதா, வலை வெளியே தெரிகிறதா, வட்டு வளைந்திருக்கிறதா என்று.

காலி டிரம்

சடையங்குப்பம் வட்டாரத்தில் இதைக் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மணலியில் 1969-ல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. அதைச் சுற்றி உரம், ரசாயனத் தொழிற்சாலைகள் வந்தன. ரசாயனமும் எண்ணெயும் புழங்கும் இடத்தில் காலியான 200 லிட்டர் இரும்பு டிரம்கள் விற்பனைக்கு வருவது இயல்பு. அதை வாங்கி நெடுக்காகப் பிளந்தால் மாட்டுக்கு இரண்டு தொட்டி கிடைக்கும் என்று கணக்குப் போடுவதும் இயல்பு.

அந்தக் கணக்கில்தான் ஆபத்து இருக்கிறது. நிறைந்த டிரம்மைவிடக் காலி டிரம் கொடியது. உள்ளே திரவம் இல்லாவிட்டாலும் ஆவி இருக்கிறது. அது காற்றோடு கலந்து தீப்பற்றத் தயாராக நிற்கிறது. கல் தகட்டைத் துளைக்கும் கணத்தில் முதல் தீப்பொறி உள்ளே போகிறது. டிரம்மின் அடி பெயர்ந்து பீரங்கிக் குண்டு போல் பறக்கிறது. தண்ணீர் விட்டு இரண்டு முறை அலசியாகிவிட்டது என்பது சமாதானம் ஆகாது. டிரம்மின் மடிப்புகளில் தங்கிய எண்ணெய், கல் பட்டுச் சூடானதும் ஆவியாகும். டீசல் டேங்க், பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து வந்த தகரம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இவற்றைக் கிரைண்டரால் அறுக்கவே கூடாது. வெடிக்காமல் அறுபட்டாலும், ரசாயனம் இருந்த டிரம்மில் கறவை மாட்டுக்குத் தண்ணீர் வைப்பது சரியல்ல. சிமென்ட் தொட்டி ஒன்று வாங்கினால் பல ஆண்டு உழைக்கும்.

தீப்பொறி பல அடி தூரம் பாயும். வைக்கோல் போர், உமி, காய்ந்த சருகு, கீற்றுக் கொட்டகை, டீசல் கேன் ஆகியவற்றுக்கு அருகில் வேலை வேண்டாம். வைக்கோலில் விழுந்த பொறி உடனே எரியாமல் உள்ளுக்குள் கனிந்து, வேலை முடிந்து வீட்டுக்குப் போனபிறகு பற்றுவதுண்டு. வேலை முடிந்தபின் அரைமணி நேரமாவது அந்த இடத்தைக் கவனித்திருக்க வேண்டும்.

வெள்ளத்தில் நனைந்த கல்

பூண்டி ஏரியில் உபரி நீர் திறந்துவிடும் காலங்களில் கொசஸ்தலை ஆற்றின் கடைமடையில் உள்ள சடையங்குப்பமும் மணலி புதுநகரும் தண்ணீரில் தத்தளிப்பதைச் செய்தித்தாள் படிப்பவர்கள் அறிவார்கள். 2015-ன் பெருமழைக்குப் பிறகும் இந்தத் துயரம் திரும்ப வந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. இப்படி வெள்ளம் வடிந்ததும் வீட்டைக் கழுவிக் கருவிகளை வெயிலில் காயவைத்து மறுபடி உபயோகிப்பது இயற்கை. மண்வெட்டிக்கு அது சரி. கிரைண்டர் கல்லுக்குச் சரியல்ல.

நீர் ஊறிய கல்லில் பிசினின் பிடிப்பு தளரும். காய்ந்தபின் பார்வைக்குப் புதிது போலவே இருக்கும்; பழைய வலு திரும்பாது. ஒருபுறம் மட்டும் நனைந்த கல் எடை ஏறுமாறாகி அதிரவும் செய்யும். எண்ணெய் பட்ட கல்லும் கெட்டதே. ஆகவே வெள்ளத்தில் நனைந்த கற்களை, அட்டைப்பெட்டி பிரிக்காததாக இருந்தாலும், இரண்டாக உடைத்து எறிந்துவிட வேண்டும். முழுதாக எறிந்தால் யாராவது பொறுக்கி மாட்டிக்கொள்வார்கள். பத்துக் கல்லின் விலை ஒரு விரலுக்கு ஈடாகாது. இனி வாங்கும் கற்களைத் தரையில் வைக்காமல், உயரத்தில் காய்ந்த பலகைமேல் படுக்கையாக அடுக்கி வைக்கவும். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். மூடியுள்ள டப்பா நல்லது.

நனைந்த மோட்டாரையும் உடனே ஓட்டிப் பார்க்கக் கூடாது. தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துப் பிரித்துக் காயவைத்து, மின்கசிவு இல்லை என்று மெக்கரால் சோதித்த பிறகே பிளக்கில் செருகலாம். வெள்ளமே வராத ஊரிலும், காற்றுத் துளைகள் வழியே உள்ளே போகும் இரும்புத் தூள் நாளடைவில் மின்கசிவுக்கு வழி செய்யும். மாதம் ஒருமுறை காற்றடித்துச் சுத்தம் செய்வது அவசியம்.

இந்தக் கருவிகள் பலவற்றில் இரட்டைக் காப்பு உள்ளதால் எர்த் பின் இருக்காது. அதனால் நனைந்த வரப்பிலும் சேற்றிலும் நின்று ஓட்டலாம் என்று எண்ணிவிடக்கூடாது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்சு பொருத்திய இணைப்பிலிருந்துதான் மின்சாரம் எடுக்க வேண்டும். ஒட்டுப்போட்ட ஒயர் வேண்டாம்.

மின்வெட்டு விஷயத்தில் ஒரு வார்த்தை. வேலை நடுவில் மின்சாரம் போகிறது. கருவியைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறோம். தள்ளிவிட்ட சுவிட்சு 'ஆன்' நிலையிலேயே இருக்கிறது. அரைமணி கழித்து மின்சாரம் வந்ததும் ஆளில்லாத அறையில் கருவி தானே உறுமி எழுந்து தரையில் சுற்றி ஓடும். அங்கே விளையாடும் குழந்தை எதை அறியும்? கரண்ட் போன உடனே பிளக்கைப் பிடுங்குவதை ஒரு பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

உடையும் கண்ணும்

வேட்டி நுனி, தோளில் தொங்கும் துண்டு, கழற்றாத கயிறு, பெண்களானால் முந்தானையும் அவிழ்ந்த கூந்தலும் கல்லில் சுற்றிக்கொள்ளும். வேட்டியை மடித்து இறுகக் கட்டுவதைவிடக் கால்சட்டை நல்லது. ரப்பர் செருப்பு போதாது. மூடிய தோல் காலணி வேண்டும். கையுறை அணிவதானால் தோலால் ஆனதாக, கைக்குப் பொருந்துவதாக இருக்கட்டும். நூல் கையுறையின் பிசிறு கல்லில் சிக்கும்.

கண்ணாடி மட்டும் எந்தக் காரணத்தாலும் தவிர்க்கக் கூடாதது. பார்வைக் குறைவுக்காக அணியும் மூக்குக் கண்ணாடி பக்கவாட்டில் திறந்திருப்பதால் பயன்படாது. பக்கங்களும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி, அதன்மேல் முகம் மறைக்கும் தகடு என இரண்டும் இருந்தால் நல்லது. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவருக்கும் கண் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். அவரை அனுப்பிவிடுங்கள். செங்கல், ஓடு, சிமென்ட் அறுக்கும்போது எழும் தூசு நுரையீரலில் தங்கி நோய் தரும். நனைத்த துண்டு அதைத் தடுக்காது, அதற்குரிய முகமூடியே வேண்டும்.

கண்ணில் இரும்புத் தூள் விழுந்தால் கசக்கக்கூடாது. துணி நுனியாலோ தீக்குச்சியாலோ எடுக்க முயல்வதும், தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விடுவதும் கேடு. கருவிழியில் பதிந்த இரும்புத் துகள் விரைவிலேயே துருப்பிடித்து, அதைச் சுற்றி ஒரு வளையமாகக் கறை படியும். நாள் கடத்தினால் பார்வை போகும். வடசென்னைக்காரர்களுக்கு 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. மற்றவர்கள் தங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் கண் பிரிவுக்குப் போகலாம். "கிரைண்டரில் வேலை செய்தபோது பட்டது" என்று டாக்டரிடம் சொல்வது மிக முக்கியம். துகள் கண்ணுக்குள்ளேயே புகுந்திருக்கலாம். இரும்பு உள்ளே இருக்கும்போது காந்த ஸ்கேன் எடுத்தால் அது நகர்ந்து கண்ணைக் கிழித்துவிடும்.

கையில் வெட்டு விழுந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைத்து, 108-ஐ அழைக்க வேண்டும். காப்பிப்பொடி, சுண்ணாம்பு, டீசல் எதையும் வைக்கக் கூடாது. விரல் துண்டானால் அதைக் கழுவித் தேய்க்காமல், சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாய் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீர் உள்ள இன்னொரு பையில் வைத்துக் காயம்பட்டவருடனேயே அனுப்ப வேண்டும். ஐஸ் நேராக விரலில் படக்கூடாது. பட்டால் திசு கெட்டு ஒட்டவைக்க முடியாமல் போகும். ராயபுரத்தை அடுத்த ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைச் சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு உண்டு. டாக்டர் ஆர். வெங்கடசாமி 1970-களில் வளர்த்தெடுத்த பிரிவு அது. அங்கே போய்ச் சேரும்வரை காயம்பட்டவருக்குச் சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்க வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க நேரிடும். பட்டறையில் எஞ்சியிருப்பவர் யாராவது ஒருவர் கிரைண்டரின் பிளக்கைப் பிடுங்கி வைக்கட்டும்.